சின்ன லைட்டு, பெரிய லைட்டு

தணிகா, அம்மா எழுதறேன். கடுதாசின்னா மொதல்ல சௌக்கியம் கேக்கணும். நீயும் சுமதியும் நல்லா இருக்கிறது போன ஞாயித்துக்கிழம போன்லயே தெரிஞ்சிபோச்சு, அதனால அத விட்டுட்டு விஷயத்துக்கு வரேன். நீ வாங்கிக்கோன்னு சொன்ன பெரிய டார்ச் லைட்ட நான் வாங்கல. திருத்தணி பஜாருக்கு போனேன், சின்னது பெருசு ரெண்டையும் கையில வாங்கி பாத்தேன், சின்னதத்தான் வாங்கிகினு வந்தேன். உனக்கு கோவம் வரும். கோவப்படறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிடு. போன்ல சொல்லலாம்னு எத்தனையோ வாட்டி பாத்தேன். நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுகினே இருப்ப, நான் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள "வைக்கிறேம்மா"ன்னுடுவ. பேப்பர்ல நீ குறுக்க பேச முடியாது. அஞ்சாவதோட நின்னவ எழுத்து, குண்டு குண்டா இருக்கும், பொறுமையா படி.

கோழிக் கூண்ட மூடப் போயி கால இடிச்சிகினேன்னு நான்தான் வாய வச்சிகினு சும்மா இருக்காம உன்கிட்ட சொன்னேன். உடனே நீ, "இருட்டுல தடவிகினு போறியா? நாளைக்கே கடைக்கு போ. எது வெல ஜாஸ்தியோ அத வாங்கு. அந்த பிளாஸ்டிக் டப்பாவ வாங்கிகினு வராத. நைனா மாதிரி பண்ணாத"ன்ன. மத்ததெல்லாம் என்மேல இருக்கிற அக்கறையில சொன்னது, அது எனக்கு தெரியும். ஆனா "நைனா மாதிரி பண்ணாத"ன்னு கடைசியா சொன்ன பாரு, அந்த ஒரு வார்த்த என்ன தூங்கவிடல. அது இப்ப வந்த வார்த்த இல்ல. பதினாறாம் நாள்லருந்து நீ உள்ளயே வச்சிருக்கிற வார்த்த.

அன்னைக்கு காரியம் முடிஞ்சி பந்தல் பிரிச்சிகினு இருந்தாங்க. நீ ஏதோ தேடறதுக்கு பீரோவ தொறந்த. துணிக்கு பின்னாடி அந்த லைட்டுப் பெட்டி இருந்தது. நீ கோயம்புத்தூர்ல வேலைக்கு சேந்து மொத சம்பளத்துல உங்க நைனாவுக்கு வாங்கி, பொங்கலுக்கு கொண்டாந்து குடுத்த லைட்டு. பெட்டி கசங்கவே இல்ல. உள்ள லைட்டு மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக் கூட அப்படியே இருந்தது. நீ பட்டன அமுக்கின. எரியல. திரும்ப அமுக்கின. எரியல. உங்க மாமாகிட்ட நீட்டி, "பாருங்க மாமா, ஒரு வாட்டி கூட சார்ஜ் ஏத்தல. இத பீரோல வச்சி பூட்டிட்டு அந்த ஒண்ணுத்துக்கும் ஆவாத லைட்ட எடுத்துகினு போயி வரப்புல விழுந்து செத்தாரு. நான் குடுத்தத அவரு தொடவே இல்ல"ன்ன. சொல்லிட்டு வெளிய போயிட்ட. நான் முந்தானைய தலையில போட்டுகினு மூலையில உக்காந்திருந்தேன். சுத்தியும் பொம்பளைங்க. வாய தொறந்தா அழுகதான் வரும், பேச்சு வராது. மறுநாள் காலையில நீ ரயிலேறிட்ட. அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் செருப்பக் கழட்டாதவன் மாதிரியே நின்னுட்டு போற. இப்ப அவருக்கு வருச தெவசம் வருது. "லீவு இல்லம்மா, மாமாவ வச்சி பண்ணிடு"ன்னுட்ட. லீவு இல்லாம இல்ல தணிகா. எனக்கு தெரியாதா.

தொடவே இல்லன்னு சொன்ன பாரு, அது தப்பு. அந்த லைட்டு எரியாத நாளே இந்த வீட்ல இல்ல.

நீ குடுத்துட்டு ஊருக்கு கெளம்பின அன்னைக்கே சாயங்காலம் அத எடுத்துகினுதான் பயிரு வச்ச கொல்லைக்கு போனாரு. அப்பல்லாம் மோட்டாருக்கு கரண்டு பொழுது சாய்ஞ்சாதான் வரும். வேர்க்கடலைக்கு தண்ணி கட்டணும். மோட்டார் கொட்டாய்கிட்ட நின்னு பட்டன அமுக்கினாரு பாரு, வெளிச்சம் ஏரிக்கரைய தாண்டி நம்ம பக்கத்து கொல்லைக்கார முனுசாமி மேல போயி விழுந்தது. அவன் நாயி ஊரக் கூட்டிச்சு. அவன் அங்கருந்து கத்தறான், "எவன்டா அவன், பாரஸ்ட்டுகாரனா?" உங்க நைனா விடுவாரா? "நான்தான்டா! எம்பையன் வாங்கிக் குடுத்த லைட்டுடா!" "யோவ், இந்தப் பக்கம் அடிக்காதய்யா, நான் ஒதுங்கிகினு இருக்கேன்!" "ஆங், அதான் நல்லா தெரியுதே!" அடுப்படியில இருந்த எனக்கே கேட்டது. வயிறு வலிக்க சிரிச்சேன். முனுசாமி பொண்டாட்டி கோவிந்தம்மா இன்னைக்கும் அத சொல்லி சிரிப்பா. எம்பையன் வாங்கிக் குடுத்ததுன்னு அவரு கத்தின கத்த நீ கேட்டிருக்கணும். நீ அப்ப அரக்கோணத்துல ரயிலுக்கு நின்னுகினு இருந்திருப்ப.

ஆனா அன்னைக்கு எனக்கு ஒரு பேஜாரு ஆச்சு. அவரு வர்றத நான் அவரு லைட்ட வச்சிதான் பாப்பேன். பின்கதவ தொறந்தா கொல்லை நேரா தெரியும் இல்ல? அவருகிட்ட இருந்த சின்ன லைட்டு, அந்த மஞ்ச பிளாஸ்டிக், பின்னாடி தள்ளினா ரெண்டு முள்ளு வெளிய வந்து செவுத்துல சொருகறமே, அது மோட்டார் கொட்டாயில இருந்தா கடுகளவு தெரியும். மதகுகிட்ட வந்தா மிளகளவு. புளியமரத்துகிட்ட வந்தா சுண்டைக்கா. சுண்டைக்கா ஆச்சுன்னா நான் தோசக்கல்ல போடுவேன். அவரு காலு கழுவிகினு உள்ள வர்றதுக்கும் மொத தோச தட்டுல விழறதுக்கும் சரியா இருக்கும். அந்த மாதிரி சின்ன லைட்டு எத்தன ஒடஞ்சி எத்தன வாங்கினாரோ, அளவு மட்டும் மாறல. நீ குடுத்த லைட்டு அப்படி இல்ல. மோட்டார் கொட்டாயிலருந்து அடிச்சாலே ரயிலு வர்ற மாதிரி கண்ணுல குத்துது. கிட்ட இருக்காரா எட்ட இருக்காரா, ஒண்ணும் தெரியல. வந்துட்டாருன்னு கல்லப் போட்டு தோச ஊத்தினேன். ஆள காணோம். தோச கருகி பொகைய ஆரம்பிச்சப்புறம் வந்து நிக்கறாரு.

"இன்னாய்யா, நீ எங்க வந்துகினு இருக்கேன்னே தெரியல"ன்னேன். அந்த கருகின தோசையவே பிச்சி தின்னுகினு யோசிச்சாரு. "நம்ம பையன் பெரிய மனுஷனுக்கு வாங்கற லைட்ட நமக்கு வாங்கிட்டான்"ன்னு சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு, "ந்தா, இது இங்கயே இருக்கட்டும். நான் சின்னத எடுத்துகினு போறேன். நீ இத வேப்பமரத்து மேல அடி. எம்மூஞ்சில அடிக்காத, கண்ணு கட்டிப்பூடும். மரத்து மேல அடி. நான் அத பாத்துகினே வந்துடறேன்." அன்னையிலருந்து அதான் வழக்கம் ஆச்சு. காலுக்கு சின்ன லைட்டு, தெசைக்கு பெரிய லைட்டு. அவரு மோட்டார நிறுத்திட்டு லைட்ட ஆட்டுவாரு, நான் பின்னாடி படியில நின்னு மரத்து மேல அடிப்பேன். நம்ம வேப்பமரம் வெள்ளையா, கல்யாண வீடு மாதிரி நிக்கும். தூக்கத்துல இருக்கிற காக்கா ரெண்டு திட்டிகினே எடம் மாறும். ஒரு நாள் சொல்றாரு, "அதோ மலை மேல கோயிலு லைட்டு எரியுது பாரு, அது ஊருக்கே எரியுது. இது எனக்கு மட்டும் எரியுது." முருகன் கோச்சிக்கப் போறாருன்னு நான்தான் கன்னத்துல போட்டுகினேன்.

பெட்டி கசங்காம இருந்ததேன்னு கேப்ப. உனக்கு அவர தெரியாதா? டிவி ரிமோட்டு இன்னும் கவர்குள்ளதான் இருக்கு, எந்த பட்டனு எதுக்குன்னு எழுத்து கூட தெரியல. வண்டி சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக்கு கிழிஞ்சி தொங்கினப்புறமும் உரிக்க விடல. சாப்ட்டுட்டு கைய தொடச்சிகினு, உன் லைட்ட பிளாஸ்டிக்க உரிக்காமலே தொடச்சி, சார்ஜ் போடுவாரு. காலையில எழுந்து பெட்டிக்குள்ள வச்சி, பெட்டிய துணிக்கு பின்னாடி வச்சி, பீரோவ மூடுவாரு. சாயங்காலம் நான் எடுப்பேன். நீ என்னடான்னா, புதுசா இருந்ததால தொடலன்னு நெனச்சிகின. தெனம் தொட்ட பொருளத்தான் அவரு புதுசா வச்சிருந்தாரு. இனிமே யாரு வீட்ல எதப் பாத்தாலும் பெட்டிய பாத்து பேசாத கண்ணு. கூட இருந்தவங்கள ஒரு வார்த்த கேளு.

அந்த லைட்டு ஏன் எரியலன்னு இப்ப சொல்றேன். இத யாருகிட்டயும் சொல்லல.

அன்னைக்கும் வெளக்கு வச்ச நேரத்துக்கு அவரு போனாரு. போறப்ப, "வெங்காயத்த பொடியா அரிஞ்சி போடு"ன்னாரு. மோட்டார் நின்னது, லைட்ட ஆட்டினாரு. நான் மரத்து மேல அடிச்சேன். கடுகு கெளம்பிச்சு. அசைஞ்சி அசைஞ்சி வந்தது. மதகுகிட்ட மிளகு ஆச்சு. அங்கயே நின்னது. முனுசாமி எதுனா பேச்சு குடுத்திருப்பான்னு நெனச்சேன். வெங்காயத்த எடுத்து வச்சேன். திரும்ப பாத்தேன். மிளகு மிளகாவே இருந்தது. மரத்து மேல லைட்ட இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அது அசையல. போன் அடிச்சேன், வீட்டுக்குள்ளயே சட்டப் பையில இருந்து மணி அடிக்குது. அவரு எப்ப போன எடுத்துகினு போனாரு? அப்புறம்தான் கோவிந்தம்மாவுக்கு அடிச்சேன். முனுசாமி ஓடினான். அவன் லைட்டு மிளகு பக்கத்துல போயி நின்னதப் பாத்தேன். ரெண்டு லைட்டும் அங்கயே நின்னது. அப்பவே எனக்கு தெரிஞ்சிபோச்சு.

அவரு வரப்புல விழல தணிகா. இருட்டுல கால் தடுக்கி சாகல. முனுசாமி என்கிட்ட சத்தியம் பண்ணி சொன்னான், "மதகு செவுத்து மேல ஒக்காந்திருந்தாரு அண்ணி. லைட்ட வீட்டப் பாத்தாப்ல பக்கத்துல வச்சிட்டு சாய்ஞ்சிகினு இருந்தாரு. களைப்பாற ஒக்காந்தவர் மாதிரிதான் இருந்தாரு." ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவும் அதத்தான் சொன்னாங்க. மாரடைப்பு, ஒக்காந்த எடத்துலயே முடிஞ்சிருக்கும், யாரு இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாங்க. நீ அப்ப வழியில வந்துகினு இருந்த, வந்தப்ப சனம் வரப்புல விழுந்துட்டாருன்னு பேசிகினத கேட்டு அதையே நெனச்சிகின. எந்த லைட்டு இருந்திருந்தாலும் அவரு போயிருப்பாரு. அவரு கண்ணுக்கு கடைசியா தெரிஞ்சது உன் லைட்டு வெளிச்சத்துல நின்ன நம்ம வேப்பமரம்தான். மதகுல ஒக்காந்தா அது நேரா தெரியும். நான் போயி ஒக்காந்து பாத்தேன்.

அன்னைக்கு அவர மதகுலருந்து தூக்கிகினு வந்து மொதல்ல கூடத்துலதான் படுக்க வச்சாங்க. சனம் சேந்துபோச்சு. நான் பின்னாடி படியிலயே நின்னு மரத்து மேல அடிச்சிகினே இருந்தேன்னு கோவிந்தம்மா சொல்றா. கையிலருந்து வாங்கப் பாத்தாளாம், நான் குடுக்கலயாம். "அவரு இன்னும் வரல"ன்னேனாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சி அதுவா அணைஞ்சது, அது மட்டும் ஞாபகம் இருக்கு. கோவிந்தம்மா அத தொடச்சி பெட்டியில வச்சிருக்கா. அதுக்கப்புறம் சார்ஜ் போட இந்த வீட்ல யாரு இருக்காங்க? நீ பதினாறாம் நாள் அமுக்கினது அந்த லைட்டத்தான். ஒரு வாட்டி கூட எரியாத லைட்டு இல்ல அது. எரிஞ்சி தீந்த லைட்டு.

இப்ப கொல்லைய முனுசாமிதான் பாத்துகினு இருக்கான். சாயங்காலமானா அவன் லைட்டு மோட்டார் கொட்டாயில தெரியும். பாக்கக் கூடாதுன்னுதான் இருப்பேன், கண்ணு போயிடும். கடுகு கெளம்பும், மிளகு ஆகும். அப்புறம் மதகுகிட்ட அவன் வீட்டுப் பக்கம் திரும்பிடும். அவன் என்ன பண்ணுவான், அவன் வீடு அங்கதான இருக்கு. நான் கதவ சாத்திடுவேன். எனக்கு ஒருத்திக்கு எதுக்கு கல்லப் போடறதுன்னு காலையில வடிச்ச சோத்துலயே தண்ணி ஊத்தி வச்சிருப்பேன். டிவிய போட்டுட்டு சத்தத்த கொறைச்சி வைப்பேன், பின்னாடி யாராவது வந்தா காது கேக்கணும் இல்ல. யாரு வரப்போறாங்க? ஆனாலும் கொறைச்சிதான் வைக்கிறேன். கோவிந்தம்மா, "எங்க வீட்ல வந்து படு அக்கா"ன்றா. நீ கோயம்புத்தூருக்கு வந்துடுன்ற. வரேன், வராம போகல. ஆனா நீ இந்த வீட்டு மேல மனசுல கசப்ப வச்சிகினு என்ன மட்டும் கூட்டிகினு போனா, நான் அங்க வந்தும் தனியாத்தான் இருப்பேன்.

அந்த மஞ்ச லைட்டு முள்ளு ஒடஞ்சி சார்ஜ் ஏற மாட்டேங்குது. நீயும் சொன்ன, அதான் பஜாருக்கு போனேன். கிருத்திகை கூட்டம், காவடியும் மொட்டையுமா தெருவே தெரியல. கடைக்கார தம்பி ரெண்டு லைட்ட எடுத்து வச்சான். "அம்மா, இது பிளாஸ்டிக்கு, கீழ போட்டா போச்சு, பாட்டரியும் சீக்கிரம் எறங்கிடும். இது அலுமினியம். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. மலையிலருந்து அடிச்சா குளத்துல விழும்"ன்றான். "மலையிலருந்து குளத்துக்கு அடிச்சி எனக்கு இன்னாப்பா ஆவணும்?"ன்னேன். "அப்ப உனக்கு இன்னாதான்மா வேணும்?" "இத எடுத்துகினு ஒருத்தர் வந்தா, எவ்ளோ தூரத்துல வராங்கன்னு நிக்கறவளுக்கு தெரியணும்." அவன் என்ன ஒரு மாதிரி பாத்தான். இந்த கேள்விய அவன்கிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

அவன் கடைக்கு பின்னாடி நீட்டமா ஒரு குடோனு, சன்னலே இல்ல, பட்டப்பகல்லயும் இருட்டு. "தம்பி, கோச்சிக்காத, அந்தக் கடைசிக்கு போயி இந்த லைட்ட போட்டுகினு என்னப் பாத்து நடந்து வா"ன்னேன். "இன்னாம்மா, லைட்டு வாங்க வந்தியா, என்ன நடக்க வைக்க வந்தியா? வெளிய கூட்டம் நிக்குதும்மா"ன்னான். நல்ல பையன், போனான். மொதல்ல பெரிய லைட்டு. கண்ணு கட்டிப்போச்சு, அவன் என் எதிர்ல வந்து நின்னப்புறம்தான் ஆளு தெரிஞ்சது. "இப்ப சின்னது"ன்னேன். முனகிகினே திரும்ப போனான். இருட்டுல கடுகு மாதிரி ஒண்ணு தெரிஞ்சது. அசைஞ்சி அசைஞ்சி வந்தது. மிளகு ஆச்சு. அது நிக்கல. வந்துகினே இருந்தது. சுண்டைக்கா ஆச்சு. என் கையி அதுவா கல்லு போடறதுக்கு எழும்பிச்சு தணிகா. "போதும்பா, போதும்"ன்னேன். அவன் லைட்ட அணைச்சிட்டு, "இன்னாம்மா, கண்ணு கூசுதா?"ன்னான். "ஆங், கூசுது"ன்னேன்.

அதான் சின்னத வாங்கினேன். அது எனக்கு இல்ல. எனக்கு நீ குடுத்த பெரிய லைட்டு இருக்கு. நேத்து அத பெட்டியிலருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். கெட்டுப்போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். கெடல, எரியுது. மரத்து மேல அடிச்சி பாத்தேன், காக்கா திட்டிச்சு. சின்னத இந்த கடுதாசியோட சேத்து உனக்கு அனுப்பறேன். சுமதி சொன்னா, வேல முடிஞ்சி எப்ப வருவேன்னு நீ சொல்றதே இல்ல, அவ பாட்டுக்கு சோத்த சூடு பண்ணி சூடு பண்ணி ஒக்காந்திருக்கான்னு. அவளுக்கு அங்க கொல்லையும் இல்ல, லைட்டும் இல்ல. கெளம்பினதும் ஒரு போன் அடி, பாதி வழியில ஒரு போன் அடி. வீட்ல இருக்கிறவளுக்கு நீ எங்க வந்துகினு இருக்கேன்னு தெரியணும். அத விட பெருசா நீ எதுவும் வாங்கிக் குடுக்க வேணாம்.

தெவசத்துக்கு நீ வரணும். மாமா பண்றது வேற, நீ பண்றது வேற. முந்தின நாளே வா, பொழுது சாயறப்ப வந்து சேர்ற மாதிரி கெளம்பு. கே.ஜி.கண்டிகையில பஸ்ஸ விட்டு எறங்கி ஆட்டோ புடிக்காத. ஏரிக்கரை மேல ஏறி மோட்டார் கொட்டாய் வழியா கொல்லையில நடந்து வா. கொட்டாய்கிட்ட வந்ததும் இந்த சின்ன லைட்ட ஆட்டு. நான் பின்னாடி படியில நின்னுகினு இருப்பேன், வேப்பமரத்து மேல அடிக்கிறேன். அத பாத்துகினே வா, அவரு என்ன பாத்துகினு வந்தாருன்னு உனக்கு தெரியும். மதகுகிட்ட வந்தா நிக்கணும்னு தோணும் உனக்கு. நில்லு, ஒக்காரணும்னாலும் ஒக்காரு. ஆனா கையில லைட்ட மட்டும் ஆட்டிகினே இரு கண்ணு. அது அசையாம நின்னா நான் தாங்க மாட்டேன். அப்புறம் எழுந்து வா. வெங்காயம் அரிஞ்சி வச்சிருக்கேன். நீ புளியமரத்துகிட்ட வந்ததும் கல்லப் போடறேன்.